பிரெஞ்சு பீரங்கி அணிக்கு எந்த வண்ண முறை? வீரன், வண்டி, குதிரைக்குத் தனித்தனியாக ஒரு ஒப்பீடு

வரலாற்று வார்கேமிங்கில், அதாவது பழைய போர்களைச் சிறு பொம்மை வீரர்களைக் கொண்டு மேசைமேல் ஆடும் விளையாட்டில், காலாட்படைக்கு வண்ணம் தீட்டுவது இரண்டு மூன்று அணிகளுக்குள் பிடிபட்டுவிடும். பீரங்கி அணி வரும்போதுதான் பலருக்கும் கை தயங்குகிறது. மடிப்பும் பொத்தானுமாகச் சீருடை அணிந்த வீரர்கள், வழவழப்பான உடம்புள்ள குதிரைகள், தட்டைப் பலகையும் இரும்புப் பட்டையுமாக வண்டிகள் என்று மூன்று வேறு வேலைகள் ஒரே பெட்டிக்குள் வந்து சேர்வதுதான் காரணம். 'எந்த முறை நல்லது?' என்று கேட்டால் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் வீரனை மட்டும் மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. அதே முறையை வண்டிமேல் போடும்போது திட்டுத்திட்டாக வந்து நிற்கும்.

இந்தக் கட்டுரை ஒரு குறிப்பிட்ட அணியை எடுத்துக்கொள்கிறது: 1815 வாட்டர்லூப் போர், பிரெஞ்சுக் காலாள் பீரங்கிப் படை, 28 மி.மீ. அளவு (ஏறக்குறைய ஒரு பொம்மை வீரனின் உயரம்). அன்றைய பிரெஞ்சுக் காலாள் பேட்டரி (பீரங்கிப் பிரிவு) ஒன்றில் ஆறு பீரங்கி, இரண்டு ஹோவிட்சர் (குண்டை உயர வீசும் குட்டைக் குழல் பீரங்கி), ஆக எட்டு. மேசையில் எட்டையும் வைப்பவர் அரிது. விதிநூலைப் பொறுத்து ஒன்றோ இரண்டோதான் வைப்பார்கள். எனவே நம் கணக்கு: இரண்டு 6 பவுண்டர் (ஆறு பவுண்டு குண்டு சுடும்) பீரங்கி, பத்து பீரங்கி வீரர்கள், ஒரு லிம்பர், ஒரு வெடிமருந்து வண்டி, எட்டுக் குதிரைகள், நான்கு ஓட்டிகள். லிம்பர் என்பது பீரங்கி வண்டியின் வாலைத் தூக்கி மாட்டி இழுத்துச் செல்லும் இருசக்கர முன்வண்டி. ஓட்டிகள் வண்டியில் உட்காருவதில்லை. ஒவ்வொரு ஜோடியிலும் இடப்பக்கக் குதிரைமேல் ஏறி ஓட்டுவார்கள். அதனால்தான் நான்கு குதிரைக்கு இரண்டு ஓட்டி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முழு அணிக்கும் ஒரே முறையைத் தேடவே கூடாது. பரப்பு எப்படியோ, முறையும் அப்படி: மடிப்புள்ள துணிக்கு ஒன்று, தட்டைப் பலகைக்கு ஒன்று, உருண்ட தசைக்கு ஒன்று. ஏன் என்பதுதான் இனி.

கையில் இருக்கும் நான்கு வழிகள்

அடுக்கு முறை பழையது. கறுப்பு ப்ரைமர் (அடிப்பூச்சு) அடித்து, ஒவ்வொரு நிறத்திலும் அடர்த்தி, நடு, வெளிர் என்று மூன்று சாயல் ஏற்றுவது. மடிப்புப் பள்ளங்களில் கறுப்பு அப்படியே தெரியும். மேடுகள் படிப்படியாக வெளுக்கும். ஃபவுண்ட்ரி நிறுவனம் வண்ணப் புட்டிகளையே மூன்று மூன்றாக விற்பது இந்த முறைக்காகத்தான். ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்த்தாலும் உருவம் பளிச்சென்று தெரியும். பழகிய கைக்கே ஒரு வீரனுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும்.

இரண்டாவது, அடிவண்ணம் போட்டு மேலே வாஷ். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே நிறம், பிறகு முழு உருவத்துக்கும் அக்ராக்ஸ் எர்த்ஷேட் மாதிரி ஒரு பழுப்பு நீர்வண்ணம். இதன் முரட்டு அண்ணன்தான் டிப். ஆர்மி பெயின்டரின் குயிக்‌ஷேட் டின் சாஃப்ட், ஸ்ட்ராங், டார்க் என்று மூன்று அடர்த்தியில் வருகிறது. உள்ளே இருப்பது நிறம் கலந்த வார்னிஷ். வேலை வேகமாக முடியும், உருவத்துக்குக் கவசமும் ஆகும். ஆனால் கண்ணாடி போலப் பளபளக்கும், மேலே மேட் வார்னிஷ் கட்டாயம். டின்னுக்குள் உருவத்தை முக்கி எடுத்து உதறாமல் பிரஷ்ஷால் பூசுவதே நல்லது. முக்கினால் தாடைக்கடியிலும் கைமூட்டிலும் தேங்கிக் கெட்டியாகிவிடும்.

மூன்றாவது கான்ட்ராஸ்ட் வகை வண்ணங்கள். சிடடெல் நிறுவனம் 2019இல் கொண்டுவந்தது. ஆர்மி பெயின்டரின் ஸ்பீட்பெயின்ட் 2022இல் வந்தது. வெளிர் ப்ரைமர் மேல் ஒரே பூச்சு. மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கி, நிழலையும் வெளிச்சத்தையும் தானே உண்டாக்கிக்கொள்ளும். ஸ்பீட்பெயின்ட் முதல் பதிப்பில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது: காய்ந்த பிறகும் மேலே ஈரமான பெயின்ட் பட்டால் கரைந்து கலந்துவிடும். 2023இல் வந்த 2.0 அதைச் சரிசெய்தது. பழைய புட்டி மலிவாகக் கிடைக்கிறதென்றால் வாங்குவதற்கு முன் பதிப்பைப் பாருங்கள்.

நான்காவது எண்ணெய் வண்ணம். அக்ரிலிக் அடிவண்ணத்தின் மேல் பூசி, காய்வதற்குள் துடைத்தெடுப்பது.

வீரர்கள்: மடிப்புக்கு கான்ட்ராஸ்ட், விளிம்புக்கோட்டுக்குச் சாதா பெயின்ட்

பிரெஞ்சுக் காலாள் பீரங்கி வீரனின் சீருடை தொல்லை பிடித்தது. கோட்டு அடர்நீலம், மார்பு மடிப்பும் அடர்நீலம், காலரும் அதே நீலம், கால்சட்டையும் நீலம். இவற்றைப் பிரித்துக் காட்டுவது சிவப்பு விளிம்புக்கோடு ஒன்றுதான். மணிக்கட்டு, கோட்டின் பின் மடிப்பு, தோள் குஞ்சம் ஆகியவை சிவப்பு, பொத்தான் பித்தளை.

இங்கே வாஷ் முறை சறுக்குகிறது. அடர்நீலத்தின் மேல் பழுப்பு வாஷ் போட்டால் நிழல் விழாது. முழுக்கவும் அழுக்குக் கறுப்பாகத்தான் மாறும். வாஷ்தான் வேண்டும் என்றால் அடிநீலத்தை இரண்டு படி வெளிரத் தொடங்க வேண்டும். வலெஹோ நிறுவனத்தின் மாடல் கலர் வரிசையில் 899 டார்க் புருஷியன் புளூவை விட்டுவிட்டு 930 டார்க் புளூவில் தொடங்கினால் வாஷ் காய்ந்த பிறகு சரியான நீலத்துக்கு வந்து நிற்கும்.

அடுக்கு முறையில் இந்தச் சீருடை மிக அழகாக வரும். பத்து பேர், நான்கு ஓட்டிகள் என்றால் இருபத்தெட்டு மணி நேரத்துக்குக் குறையாது. ஒரே ஒரு பேட்டரிதான் தீட்டப்போகிறீர்கள், அதையே அணியின் முகமாக வைக்கப்போகிறீர்கள் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

மற்றவர்களுக்கு கான்ட்ராஸ்ட். கறுப்பு ப்ரைமர் மேல் சாம்பல் டிரை பிரஷ் (பிரஷ்ஷைக் கிட்டத்தட்ட உலரத் துடைத்துவிட்டு மேடுகளை மட்டும் தேய்ப்பது), பிறகு மேலிருந்து கீழாக வெள்ளை டிரை பிரஷ். இந்த அடித்தளத்தின் மேல் சிடடெல் கான்ட்ராஸ்ட் நிறமான லெவியாடன் புளூ ஒரு பூச்சு. தோள், முழங்கால் மேடுகளில் நீலமாகவும் மடிப்புக்குள் கிட்டத்தட்ட கறுப்பாகவும் தானே பிரியும். பிரஷ்ஷில் நிறைய எடுத்து ஒரு பகுதியை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பாதி காய்ந்த இடத்துக்குத் திரும்பிப் போனால் அங்கே கறை விளிம்பு நிற்கும். கோட்டின் கீழ்விளிம்பில் சொட்டாகத் தேங்குவதை உலர்ந்த பிரஷ் நுனியால் உறிஞ்சி எடுங்கள்.

சிவப்பு விளிம்புக்கோட்டை நீலத்தின் மேல் வரையப் போகாதீர்கள். சிவப்பு நிறமி நீலத்தை மறைக்காது. இரண்டு மூன்று முறை ஓட்ட வேண்டிவரும், ஒவ்வொரு முறையும் கோடு தடிக்கும். தலைகீழாகச் செய்யுங்கள். கான்ட்ராஸ்ட் நன்றாகக் காய்ந்த பிறகு மார்பு மடிப்பு முழுவதையும் 957 ஃபிளாட் ரெட் கொண்டு நிரப்புங்கள். அது காய்ந்ததும் 899 நீலத்தைத் தண்ணீர் விட்டு இளக்கி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நிரப்பிக்கொண்டே வந்து, மயிரிழை அளவு சிவப்பு மிஞ்சும்போது நிறுத்துங்கள். நீலம் சிவப்பை ஒரே பூச்சில் மூடிவிடும். கோடு ஓரிடத்தில் மெலிந்து போனால் அந்த இடத்தை மட்டும் தொட்டால் போதும். இந்த வேலைக்கு கான்ட்ராஸ்ட் ஆகாது. அது ஓடும் சுபாவம் உள்ளது, நிறுத்தின இடத்தில் நிற்காது.

வெள்ளை வார்களில் நீலம் வழிந்திருக்கும். நேரடியாக வெள்ளை வைத்தால் நீலம் கசிந்து தெரியும். முதலில் வெளிர்சாம்பல், அதன்மேல் இரு ஓரத்திலும் சாம்பல் மிஞ்சும்படி நடுவே வெள்ளை. முகத்துக்கு கான்ட்ராஸ்ட் வகையிலேயே கில்லிமன் ஃபிளெஷ் ஒரு பூச்சு. மூக்குத் தண்டு, கன்னம், தாடை, விரல்முட்டிகளில் 955 ஃபிளாட் ஃபிளெஷ் தொட்டுவைத்தால் போதும். கருவிழி வரையாமல் விட்டாலும் 28 மி.மீ. அளவில் யாருக்கும் குறையாகத் தெரியாது. ஷாக்கோ தொப்பியின் நிழல் கண்ணை மூடிவிடும்.

ஓட்டிகள் வேறு படைப்பிரிவு என்பதை மறந்துவிடக் கூடாது. அவர்களின் சட்டை நீலம் கலந்த இரும்புச் சாம்பல், முகப்பு மடிப்புகள் அடர்நீலம், பொத்தான்கள் வெள்ளி நிறம். பீரங்கி வீரனின் நீலத்தையே ஓட்டிக்கும் பூசிவிடுவது அடிக்கடி கண்ணில் படும் பிழை.

வண்டிகள்: இங்கேதான் முறை மாற வேண்டும்

பிரெஞ்சு பீரங்கி வண்டியின் வால் இரண்டு நீண்ட பக்கப் பலகைகளால் ஆனது. 1815 வாக்கில் பிரிட்டிஷ் களப் பீரங்கியின் வால் ஒற்றைக் கட்டை. ஆக பிரெஞ்சு மாடலில் விரல் நீளத்துக்குப் பக்கத்துக்கு ஒன்றாகத் தட்டைப் பரப்பு. அதன் மேல் கான்ட்ராஸ்ட் ஊற்றினால் வழிந்து போக மேடுமில்லை, தேங்கப் பள்ளமுமில்லை. காயும்போது எங்கெங்கோ கூடித் திட்டாகும். பெயர்பெற்ற கான்ட்ராஸ்ட் பச்சைகள் பலவும் இந்தப் பலகையில் தோற்றுப்போவது இதனால்தான். வெடிமருந்து வண்டியின் நீண்ட மூடியில் இன்னும் மோசம். கான்ட்ராஸ்ட் மெடியம் என்ற நிறமற்ற இளக்கியைப் பாதிக்குப் பாதி கலந்தால் திட்டு குறையும். நிறமும் சேர்ந்து குறைந்துவிடும்.

தட்டைப் பலகைக்குச் சரியானது மூடும் திறனுள்ள சாதா பெயின்ட், வாஷ், டிரை பிரஷ், இந்த வரிசையில்.

பிரெஞ்சு வண்டிகளின் மரம் ஒலிவ் பச்சை, இரும்பு கறுப்பு. அந்த ஒலிவ், மஞ்சள் காவியில் சிறிது கறுப்பு கலந்து கிடைத்த நிறம். இந்த ஒரு விவரம் வண்ணத் தேர்வு முழுவதையும் வழிநடத்தும். வெளிச்சம் ஏற்ற வெள்ளை கலக்கக் கூடாது. வெள்ளை கலந்தால் புதினாச் சட்னி நிறத்துக்குப் போய்விடும். மஞ்சள் காவிதான் கலக்க வேண்டும்.

கறுப்பு ப்ரைமர் மேல் வலெஹோ 967 ஒலிவ் கிரீன் இரண்டு பங்கு, 887 பிரவுன் வயலெட் ஒரு பங்கு கலந்து, தண்ணீர் விட்டு மெல்லிய இரண்டு பூச்சு. ஒரே தடித்த பூச்சாக அடித்தால் ஆணித்தலைகள் மூழ்கிவிடும். காய்ந்ததும் அக்ராக்ஸ் எர்த்ஷேட். பலகையின் நடுவில் மெல்லியதாகவும், இரும்புப் பட்டை பலகையைத் தொடும் மூலைகளில் தாராளமாகவும் பூசவும். பிறகு அடிக்கலவையில் 913 யெல்லோ ஆக்கர் மூன்றில் ஒரு பங்கு சேர்த்து டிரை பிரஷ். பிரஷ்ஷைத் துணியில் துடைத்து, புறங்கையில் தேய்த்தால் ரேகையில் மட்டும் நிறம் ஒட்டும் அளவுக்கு உலர்ந்த பிறகே மாடலைத் தொட வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு தேய்த்தால் மாவு தூவியது போல் ஆகிவிடும். டிரை பிரஷ் முடிந்த பிறகே இரும்பு வேலை. முன்னால் செய்தால் பச்சைத் தூசு கறுப்பின் மேல் ஏறிவிடும்.

இரும்புக்குத் தூய கறுப்பு வேண்டாம். 862 பிளாக் கிரே போட்டால் வாஷின் நிழலிலிருந்து அது தனியாகப் பிரிந்து தெரியும். மேல் விளிம்புகளில் நடுச்சாம்பலில் ஒரு மெல்லிய கோடு, ஆணித்தலை ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி. இந்த இரும்பு உலோக நிறமல்ல, கறுப்பு வண்ணம் பூசியது. விதிவிலக்கு சக்கரத்தின் பட்டா. நிலத்தில் உருண்டு தேய்வதால் அதன் வெளிமுகம் மட்டும் வெறும் இரும்பாகத் தெரிய வேண்டும். 863 கன்மெட்டல், மேலே பழுப்பு வாஷ், பிறகு மாடல் நிற்கும் பேஸின் மண் நிறத்திலேயே லேசாக டிரை பிரஷ்.

சக்கரத்துக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள், பார்ப்பவரின் கண் முதலில் போவது அங்கேதான். குடம், ஆரக்கால், வட்டை மூன்றும் மர நிறம். குடத்தைச் சுற்றிய வளையங்கள் கறுப்பு. வட்டையின் ஒவ்வொரு துண்டும் இரண்டு ஆரக்காலைத் தாங்கும், எனவே துண்டுகள் சேரும் இணைப்புக் கோடு இரண்டு ஆரக்காலுக்கு ஒருமுறை வரும். மாடலில் அந்தக் கோடு வார்க்கப்படாமல் இருந்தால் அடர்பழுப்பில் மெல்லியதாக இழுத்துவிடலாம். சின்ன வேலை, நல்ல பலன். வாஷ் போட்ட சக்கரத்தைப் படுக்கவைத்துக் காயவிடுங்கள். நிறுத்திவைத்தால் எல்லாம் கீழே இறங்கி ஒரு பக்கம் கறுத்துவிடும். டிரை பிரஷ்ஷை ஆரக்காலின் நீளவாக்கில் இழுக்காமல் குறுக்கே இழுத்தால்தான் விளிம்புகள் பிடிக்கும்.

குயிக்‌ஷேட் டிப் இதில் எப்படி? பிரெஞ்சு ஒலிவுக்குச் சுமார்தான், நிறம் ஏற்கெனவே அடர்த்தி. ஆனால் ஆஸ்திரிய வண்டிகளுக்கு, அதாவது மஞ்சள் காவி மரம், கறுப்பு இரும்பு என்ற சேர்க்கைக்கு, டிப்பை மிஞ்ச எதுவுமில்லை. வெளிர்நிறத்தில் பழுப்பு நிழல் அற்புதமாகப் பிடிக்கும். ஒரு மாலையில் நான்கு பீரங்கி முடிந்துவிடும். பிரிட்டிஷ் வண்டி நீலம் கலந்த சாம்பல். அதற்குக் கறுப்பு வாஷ் போட்டால் பூசாத பிளாஸ்டிக் மாதிரி உயிரற்றுத் தெரியும். பழுப்பு வாஷ்தான் அதை மரமாக்கும். புருஷிய வண்டியின் வெளிர்நீலத்துக்கும் இதுவே. ரஷ்யப் பச்சை பிரெஞ்சு ஒலிவைவிடத் தெளிவான பச்சை. இரண்டுக்கும் ஒரே புட்டியைப் பயன்படுத்தினால் மேசையில் எது யாருடையது என்று தெரியாமல் போகும்.

குழல் தனிக்கதை. களப் பீரங்கிகளின் குழல் வெண்கலம், பிரெஞ்சுக்கும் பிரிட்டிஷுக்கும் அப்படியே. பீரங்கி என்றால் இரும்பு என்று நினைத்துச் சாம்பல் பூசிய பிரிட்டிஷ் 9 பவுண்டர்களை இன்றும் நிறையப் பார்க்கலாம். அடர்பழுப்பு அடித்தளத்தின் மேல் 801 பிராஸ், பழுப்பு வாஷ், பிறகு மேல் வளைவில் மட்டும் பிராஸில் சிறிது வெள்ளி கலந்து ஒரு கோடு. கறுப்பின் மேல் பிராஸ் அடித்தால் பச்சை ஓடிய மந்தமான நிறம் வரும். பழுப்பின் மேல் சூடாக வரும். குழலின் வாயிலும் பற்றவைக்கும் துளையிலும் கறுப்புப் பழுப்பு நிறமித்தூள் சிறிது தேய்த்தால் சுட்ட பீரங்கி ஆகிவிடும்.

ஒரு சிறு விவரம். கிரிபோவல் என்ற பிரெஞ்சு வடிவமைப்பு வகை வண்டியில் இரண்டு பக்கப் பலகைக்கு நடுவே ஒரு சிறிய வெடிமருந்துப் பெட்டி உட்காரும். சுடும் நிலையில் அதை எடுத்து லிம்பர் மேல் வைத்துவிடுவார்கள். வீரர்கள் திரி பிடித்து நிற்கும் மாடலில் பெட்டியும் வாலிலேயே இருந்தால் அது பிழை. ஒட்டுவதற்கு முன் பீரங்கி எந்த நிலையில் இருக்கிறது என்று முடிவெடுங்கள்.

குதிரைகள்: எண்ணெய் வண்ணத்துக்கு நிகரில்லை

எட்டுக் குதிரையை அடுக்கு முறையில் தீட்டுவது நீண்ட வேலை. பெரிய உருண்ட தசைமேல் அடுக்குகளின் எல்லை படிக்கட்டு போலத் தெரிந்துவிடும் ஆபத்தும் உண்டு. கான்ட்ராஸ்ட் வேகமானது, கோர்-கிரன்டா ஃபர், ஸ்னேக்பைட் லெதர் இரண்டும் நல்ல குதிரை நிறங்கள்தான். ஆனால் பின்தொடையின் அகன்ற வழவழப்பில் வண்டிப்பலகையில் வந்த அதே திட்டு இங்கேயும் எட்டிப்பார்க்கும், வயிற்றடியில் சொட்டு நிற்கும். அவசரத்துக்கு ஏற்கலாம்.

எண்ணெய் வண்ணம் துடைக்கும் முறை இந்த வேலைக்கென்றே பிறந்தது போல இருக்கும். குதிரைகளுக்கு வேறுவேறு அக்ரிலிக் அடிநிறம் போடுங்கள்: மூன்றுக்கு ஆரஞ்சு கலந்த பழுப்பு, இரண்டுக்குச் செம்பழுப்பு, இரண்டுக்கு மங்கிய மஞ்சள்பழுப்பு, ஒன்றுக்கு அடர்பழுப்பு. ஒரு நாள் முழுக்கக் காயட்டும். கேமல் கலைஞர் எண்ணெய் வண்ணத்தில் பர்ன்ட் அம்பர் ஒரு டியூப் பல படைக்கு வரும். பட்டாணி அளவு எடுத்து அட்டைத்துண்டில் அரை மணி நேரம் வையுங்கள். அட்டை எண்ணெயை உறிஞ்சிக்கொள்வதால் காய்ந்த பிறகு பளபளப்பு குறையும். பழைய பிரஷ்ஷால் குதிரை முழுக்க மெல்லியதாகப் பூசுங்கள், டர்பன்டைன் கலக்கத் தேவையில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மேக்கப் ஸ்பாஞ்ச் துண்டால் தசையின் மேடுகளைத் துடையுங்கள். தோள், பின்தொடை, கழுத்து மேட்டில் அடிநிறம் வெளிவரும். விலா இடுக்கு, கால் மடிப்பு, தாடைக்கடியில் அம்பர் தங்கும். எல்லை என்று ஒன்று தெரியாமல் நிழல் கரைந்து போகும். இதை எந்த அக்ரிலிக்காலும் இவ்வளவு சுலபமாகக் கொண்டுவர முடியாது. ஒரே அம்பர் அடியில் நான்கு அடிநிறம் இருப்பதால் எட்டுக் குதிரையும் தனித்தனிக் குதிரையாகவும் தெரியும்.

அம்பரில் மாங்கனீசு இருப்பதால் மற்ற எண்ணெய் வண்ணங்களைவிடச் சீக்கிரம் காயும். மெல்லிய பூச்சுக்கு இரண்டு மூன்று நாள். கறுப்புக் குதிரைக்கு ஐவரி பிளாக் டியூபை எடுத்தால் ஒரு வாரம்கூட ஒட்டிக்கொண்டிருக்கும். கறுப்பை அக்ரிலிக்கிலேயே செய்வது நல்லது. காத்திருக்க முடியாதவர்களுக்கு இந்த முறையின் ஒரே குறை இதுதான். வண்டி வேலையை இந்த இடைவெளியில் வைத்துக்கொண்டால் நாள் வீணாகாது.

காய்ந்த பிறகு செம்பழுப்புக் குதிரைகளுக்குப் பிடரி, வால், முழங்காலுக்குக் கீழே கறுப்பு. தாமிர நிறக் குதிரைக்குப் பிடரி உடம்பின் நிறமே, அல்லது அதைவிட வெளிர்; அதற்குக் கறுப்புப் பிடரி வைப்பது பரவலான தவறு. நெற்றி வெள்ளை, ஒன்றிரண்டு கால்களில் வெள்ளை, எட்டில் மூன்றுக்கு மேல் வேண்டாம். சேணமும் வார்களும் கடைசியில், 862 பிளாக் கிரேயில்.

முழுக்க ஒட்டிவிட்டா, துண்டாகவா?

முழுக்க ஒட்டியபின் தீட்டினால் உறுதி கிடைக்கும், எட்டாத இடங்கள் மிஞ்சும். துண்டாகத் தீட்டினால் எல்லா இடமும் எட்டும். ஆனால் பூசிய பரப்பில் பசை பிடிக்காது. லிம்பர் அணிக்கு நடுவழி ஒன்றுதான் சரியாக வருகிறது. வண்டியின் உடம்பை முழுக்க ஒட்டிவிடுங்கள். சக்கரங்கள், குழல், குதிரைகள், ஓட்டிகள் தனி. குழலைப் பல்குத்தியின் நுனியில் புளூடாக் (களிமண் போன்ற ஒட்டுப்பசை) வைத்து நிறுத்தலாம். குதிரை ஜோடியை ஐஸ் குச்சியில், வீரர்களைப் பாட்டில் மூடியில். இருசின் முனையிலும் குடத்தின் துளையிலும் ப்ரைமர் படாமல் சிறு உருண்டை புளூடாக் அடைத்துவிடுங்கள். மறந்தால் பெயின்ட் தடிமனாலேயே சக்கரம் ஏறாது. அழுத்தினால் ஆரக்கால் உடையும்.

ஓட்டியைக் குதிரையில் நிரந்தரமாக ஒட்டும் முன் ஒருமுறை உட்காரவைத்துப் பாருங்கள். எண்ணெய் வண்ணம் துடைக்கும்போது ஓட்டி ஏற்கெனவே மேலே இருந்தால் சேணத்தின் பக்கத்தைத் துடைக்க முடியாது. பிளாஸ்டிக் துண்டுகளுக்கு பிளாஸ்டிக் சிமென்ட், மெட்டலுக்கு சூப்பர் குளூ. சூப்பர் குளூ போட்ட உடனே மூடிய டப்பாவில் வைத்தால் அதன் ஆவி பக்கத்திலுள்ள பூசிய பரப்பில் வெண்புகையாகப் படியும்; திறந்த இடத்தில் வையுங்கள்.

இழுகயிற்றுக்குப் பருத்தி நூல், மெல்லிய செம்புக் கம்பி, நகைச் சங்கிலி என்று மூன்று வழி. நூல் தளர்ந்து தொங்கும் அழகு கம்பியில் வராது. ஆனால் பஞ்சு பிசிறும், எனவே ஃபெவிகாலில் நனைத்து விரலால் உருவிக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். குதிரைகள் தனித்தனி பேஸில் இருந்தால் கயிறே வேண்டாம், எடுத்துவைக்கும்போதெல்லாம் அறுந்துவிடும்.

பேஸ் நீளத்தையும் இப்போதே கணக்கிடுங்கள். நான்கு குதிரை, லிம்பர், பின்னால் பீரங்கி எல்லாம் சேர்ந்தால் 28 மி.மீ. அளவில் 25 செ.மீ. பக்கம் வரும். மேசை சிறியதென்றால் இரண்டு குதிரையோடு லிம்பரை நிறுத்திக்கொள்பவர்கள் நிறையப் பேர். ஆட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை.

ஸ்ப்ரேயா, பிரஷ்ஷா, கடைசியில் வார்னிஷ்

சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற ஈரக்காற்று ஊர்களில் இந்தத் தேர்வுக்குத் தனி எடை உண்டு. காற்றில் ஈரப்பதம் மிகும்போது ஸ்ப்ரே ப்ரைமர் மணல்போலச் சொரசொரத்துப் படியும்; மேட் வார்னிஷ் வெண்மூட்டமாகிவிடும். பல நாள் செய்த வேலையைக் கடைசி நிமிடத்தில் கெடுப்பது இந்த மூட்டம்தான். மழைக்காலத்தில் ஸ்ப்ரேயைத் தொடாமல், வலெஹோ சர்ஃபேஸ் ப்ரைமரைப் பிரஷ்ஷால் மெல்லியதாக இரண்டு பூச்சு கொடுத்து ஒரு நாள் காயவிடுவது பாதுகாப்பு. மேலே சொன்ன கான்ட்ராஸ்ட் அடித்தளத்துக்கு ஸ்ப்ரேயே தேவையில்லை, டிரை பிரஷ் போதும். ஏரோசால் டப்பாக்களைச் சாதாரண விமானத் தபாலில் அனுப்ப முடியாதென்பதால் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதும் கடினம். கோடையில் தட்டிலேயே பெயின்ட் காய்ந்துபோகும் தொல்லைக்கு, நனைத்த டிஷ்யூ மேல் பட்டர் பேப்பர் விரித்த ஈரத்தட்டு போதும்.

மெட்டல் உருவங்களில் தொப்பிக் குஞ்சம், கைத்தடி நுனி, குழல் வளையம் இவைதான் முதலில் உரியும். பளபள வார்னிஷ் ஒரு பூச்சு, காய்ந்தபின் மேட் ஒரு பூச்சு என்று போட்டால் நீடிக்கும். மேட் வார்னிஷ் வெண்கலத்தின் ஒளியை விழுங்கிவிடும் என்பதால் குழலை மட்டும் கடைசியாக சாட்டின் வார்னிஷ்ஷால் தனியே தொட்டுவிடுங்கள்.

யாருக்கு எது? ஒரே பேட்டரி, நேரம் இருக்கிறது: வீரர்களுக்கு அடுக்கு முறை, வண்டிக்கு வாஷ், டிரை பிரஷ், குதிரைக்கு எண்ணெய். மூன்று நான்கு பேட்டரி வேண்டும், வார இறுதிகள்தான் கையில்: வீரர்களுக்கு கான்ட்ராஸ்ட், மற்ற இரண்டிலும் மாற்றமில்லை. அடுத்த மாதமே ஆட்டம்: கான்ட்ராஸ்ட் குதிரைகளோடு லிம்பரை மட்டும் முடித்து, வெடிமருந்து வண்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான விதிநூல்களில் அது இல்லாமலும் பேட்டரி சுடும். ஆஸ்திரியப் படை என்றால் வண்டிக்கு மட்டும் டிப். 15 மி.மீ. அல்லது அதற்கும் கீழே என்றால் சிவப்பு விளிம்புக்கோட்டை மார்பு மடிப்போடு நிறுத்திவிடலாம், ஆணித்தலைகளை விட்டுவிடலாம். ஆனால் மஞ்சள் காவி டிரை பிரஷ்ஷை இன்னும் ஒரு படி வெளிர வையுங்கள், இல்லையென்றால் அந்தச் சின்ன வண்டி மேசையின் புல்லோடு கலந்து காணாமல் போகும்.